ஒரே அடியில் கேப்டன் சாவாரா?

நவம்பர், சனிக்கிழமை

ஜெர்மனியில், எர்லாங்கனில் என்னோடு வேலை பார்க்கும் பஷீரின் மண்டையை இன்று உடைத்துவிட்டேன். காரணத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நாங்கள் பார்த்த விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகத்தில், எந்திரம் ஓங்கி ஒரு அடி அடித்ததும் கேப்டன் செத்துவிடுகிறார். சரியான முடிவுதான் என்றேன், சப்பாத்தி தேய்த்தபடி.

"ஒரே அடில எவனாவது சாவானாடா? நான் எழுதியிருந்தா, கேப்டன் எந்திரிச்சு அந்த மெஷினையே பிச்சுப் போட்டிருப்பாரு," என்றான் பஷீர்.

"அப்புறம் மூணாம் பார்ட்ல என்னத்தைக் காட்டுவ, உன் கல்யாண வீடியோவையா?"

"போடா, நீயெல்லாம் ஒரு ரசிகனா?"

ஐம்பது வயதுத் தொப்பைக்காரனான எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த அடியை நடித்துக் காட்டும்போது சப்பாத்திக் கட்டை கை தவறிவிட்டதாக என் மனைவியிடம் சொன்னேன். பொய். அடிக்கத்தான் ஓங்கினேன். பிசைந்த மாவில் ரத்தம் சொட்டியது.

எப்படி அடிபட்டது என்று மருத்துவமனையில் டாக்டர் கேட்டபோது, என் வேலையும் விசாவும் கண்முன்னே ஓடின. பஷீர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். எல்லோரும் சைக்கிளில் போகும் இந்த ஊரில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆறு தையல். வெளியே வந்ததும் கட்டுப் போட்ட தலையை என்னிடம் நீட்டினான்.

"பாத்தியா? சாகல. உன் கிளைமாக்ஸ் தப்பு."

தப்புதான்டா என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்தது.