வாசல் படத்துக்கு ஒரு போர்வை

அடிலெய்ட், மே 29

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா? எனக்குச் சளி தவிர வேறு குறையில்லை.

பள்ளியில் நல்லிணக்க வாரம். பழங்குடியினரான நமக்கு மரியாதையாம், வாசலில் ஆளுயரப் படம் மாட்டியிருக்கிறார்கள். போன மாதம் நாம் அடக்கம் செய்த ஓவியருடைய படம், கீழே அவர் பெயர். துக்கக் காலம் முடியும்வரை, இறந்தவர் முகத்தை நம்மவர்கள் பார்ப்பதுண்டா, பெயரைத்தான் சொல்வதுண்டா? அவர் மகள் கெய்லா இங்கேதான் படிக்கிறாள். சமையலறைப் பக்கமாகச் சுற்றி வந்து தினமும் தாமதம், அதற்குத் தண்டனை வேறு. "அத்தே, நான் ஊருக்கே போயிடறேன்" என்கிறாள்.

துணைத் தலைமையாசிரியரிடம் முறையிட்டேன். "மரியாதைக்குத்தானே வெச்சோம், லோர்னா? எடுக்கணும்னா குழு கூடணும். அடுத்த மாசம் பாப்போம்" என்றார். மாணவர் நலனைப் பார்த்துக்கொள்ள என்னை வேலைக்கு எடுத்தவரே இவர்தான்.

இன்று கெய்லா முன்வாசல் வழியாக வந்தாள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை.

மணி அடித்துவிட்டது. இங்கே குளிர் தாங்கவில்லை, அம்மா. நீ பின்னிக் கொடுத்த போர்வை வாசலில் தொங்குகிறது. அனுப்பினால் இரண்டாக அனுப்பு. அவர் பெயர் இன்னும் வெளியே தெரிகிறது.

உன் மகள்,
லோர்னா