குறுக்குக் கம்பிக்கு மேலே

சேலையூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜோவிதாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் வலது முழங்காலைத் தவிர. அயர்லாந்தில் குளிர் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, நைட் டியூட்டி குறைந்ததா? போனில் எதைக் கேட்டாலும் சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இட்லிப் பொடி பார்சலுக்குள் இந்தக் கடிதம்.

இனி விளையாடப் போவதில்லை என்று நீ சொன்னதிலிருந்து வீடு வீடாக இல்லை. நியாயமாக நான் சந்தோஷப்பட வேண்டும். நர்ஸ் வேலைக்கென்று போனவள் கேலிக் ஃபுட்பாலில் சேர்ந்து, பந்தைக் கையில் பிடித்து ஓடி, தரையில் தட்டி, காலால் உதைத்து, எவள் மேலாவது மோதி விழுந்து, சம்பளம் ஒரு பைசா இல்லாமல் ஒரு பல்லையும் கொடுத்தாய். விட்டுத் தொலை என்று வருஷக்கணக்காகக் கத்தியவள் நான்தான். நீ விட்டுவிட்டேன் என்றதும் எனக்கே சோறு இறங்கவில்லை, என்ன கூத்தோ தெரியவில்லை.

உன் அப்பா நிலைமை அதைவிட மோசம். உங்கள் டீம் ஆடிய ஃபைனலை டிவியில் போட்டுப் பார்த்தோம், கீழ் வீட்டு சத்யநாராயணன் சாரும் வந்திருந்தார். பந்து கோல் கம்பத்தின் குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு பாயிண்ட், கீழே வலைக்குள் போனால் மூன்று என்று நீ எத்தனை தரம் சொல்லியும் எங்கள் மண்டையில் ஏறவில்லை. நீ மேலே அடித்தபோதெல்லாம் அய்யோ போச்சே என்று தலையில் கை வைத்தோம், எதிர் டீம் மேலே அடித்தபோது கை தட்டினோம், சத்யநாராயணன் சார் எழுந்து நின்றே தட்டினார். இடைவேளையில் அப்பா உனக்கு, ஏன் பாப்பா மேலயே அடிக்கிறே, கீழ அடிம்மா என்று வாட்ஸ்அப் அனுப்பியது அப்போது எனக்குத் தெரியாது. கடைசி உதை, ஒரே பாயிண்ட் பின்னால் இருக்கிறீர்கள், மேலே போனால் சமன். நீ கீழே அடித்தாய், கோல்கீப்பர் பிடித்துவிட்டாள். நீ தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்ட பிறகுதான் எங்களுக்கு விஷயமே விளங்கியது. அப்பா சொன்னதற்காக அடிக்கவில்லை, அது என் முடிவு என்கிறாய். அவர் நம்பவில்லை.

தானே அடித்துப் பார்க்கிறேன் என்று அப்பா, திருமுடிவாக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற ஜெபசீலனிடம் சொல்லி, இரண்டு உயரக் கம்பம், நடுவில் ஒரு குறுக்குக் கம்பி என்று செய்துகொண்டுவந்து காலனி காலிமனையில் நட்டுவிட்டார். வீட்டு வேலைக்கு வருகிற கிளியம்மாள் முதல் நாளே அதில் போர்வை காயப்போட்டாள். மொபைல் டவர் என்று நினைத்து இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். அப்பா தினமும் விடிந்ததும் அரைக்கால் சட்டையோடு போய் மேலே அடிக்கப் பார்க்கிறார், பந்து சத்யநாராயணன் சார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது. அவர் கோபிப்பதே இல்லை, அன்று கை தட்டியதற்குப் பரிகாரம் என்று தன் வெள்ளை வேட்டியை ஒட்டடைக் கம்பில் கட்டிக்கொண்டு கம்பத்தடியில் நிற்கிறார். பாயிண்ட் விழுந்தால் உங்கள் ஊரில் வெள்ளைக் கொடி காட்டுவார்களாமே, அதற்கு.

நேற்று பந்து நிஜமாகவே மேலே போனது. வேட்டி பறந்தது, அப்பா மல்லாக்க விழுந்தார். பந்து அவுட்டா பூட்ச்சு, இவுரு இன்னாத்துக்கு வேட்டிய ஆட்டினுகீறாரு என்று கிளியம்மாள் கேட்டாள். அப்பா எழுந்திருக்காமல், எவ்ளோ கஷ்டம்டி இது, சோபால உக்காந்துகிட்டு சொல்லிட்டேனே என்று அழுதார். நான் கை தட்டிக்கொண்டிருந்தேன் ஜோவி, என்னை அறியாமல்.

பதினைந்து பேரில் கடைசிப் பந்தை உன்னிடம்தானே கொடுத்தார்கள்? அவமானத்துக்காக விடாதே. உடம்பு போதும் என்று சொல்லும்போது விடு, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இந்த வாரம் பிராக்டிஸுக்குப் போ. பல்லுக்குக் கவசம் போடாமல் இறங்காதே, மிச்சமாவது இருக்கட்டும். கர்த்தர் உன் கால்களுக்குக் காவலாக இருப்பாராக.

முத்தங்களுடன்
உன் அம்மா
ஞானஜோதி எட்மண்ட்

அப்பா ஒரு வரி எழுத இடம் கேட்கிறார், கொடுக்கிறேன்.

பாப்பா, மேலயே அடி. இந்த தடவை சரியா கை தட்டறோம்.