கழுவிய காலோடு கோயிலுக்குப் போனவர்

அன்பு மகன் சாவியோவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் உடம்பளவில் சுகம், கனடாவில் நீயும் சுகமாயிருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். போனில் உன் தங்கை பேரை எடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். பெரிய வியாழன் மாலை நாலு மணிக்கு நம் வாசலில் இருந்தவர்கள் நான், உன் அப்பா, எல்சி அத்தை, கிரில் கேட்டுக்கு வெளியே உன் தங்கை கரோலின், தெருமுனையில் அவள் வீட்டுக்காரர் பகலவன். வேறு யாரும் இல்லை, யாராவது கூட்டிக் குறைத்துச் சொன்னால் நம்பாதே.

அன்றைய பூசையில் சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் உன் அப்பாவும் ஒருவர். அழுக்குக் காலை நீட்டினால் மானம் போய்விடும் என்று வருஷா வருஷம் எல்லா ஆண்களும் செய்வதுபோல இவரும் வாசல் குழாயடியில் உட்கார்ந்து குதிகாலைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தார். "இன்னாண்ணே, பொண்ணு பாக்கவா போறே, இந்தத் தேய் தேய்க்கிறே" என்று அத்தை கேலி செய்தாள். அப்போதுதான் கரோலின் வந்தாள். ஏழாம் மாதம், கால் இரண்டும் வீங்கி செருப்பு ஏறாமல் கையில் பிடித்திருந்தாள். வியாசர்பாடி வீட்டில் மாமியாரும் இல்லை, வீட்டுக்காரருக்கு மீஞ்சூரில் நைட் டூட்டி, "தனியா இருக்க பயமாகீதும்மா, பிரசவம் வரிக்கும் இங்க இருந்துக்கிறேன்" என்றாள். உன் அப்பா நிமிரவே இல்லை. "அவ வந்தா ஊருக்கே வரமாட்டேன்னு சாவியோ சொல்லிக்கீறான். அவன் சரின்னா எனக்கும் சரி" என்று காலிடம் சொன்னார். நான் மட்டும் என்ன செய்தேன், கேட்டைத் திறக்காமல் கம்பி வழியாகத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு வெறுங்காலோடு வெயிலில் போனாள்.

கோயிலில் சாமியார் முழங்காலிட்டுக் கழுவித் துடைத்து முத்தமிட்டபோது உன் அப்பா தேம்பி அழுதார். சுற்றியிருந்த பெண்கள் என்ன பக்தி என்றார்கள், மனசு இளகிவிட்டது என்று நானும் நம்பினேன். திரும்பும் வழியில் கேட்டேன், காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தும் அவன் காலையும் சேர்த்துத்தானே ஆண்டவர் கழுவினார், இவள் யாரைக் காட்டிக்கொடுத்தாள், புத்தரைக் கும்பிடுகிறவரைக் கட்டினாள், அவ்வளவுதானே என்று. "அது கோயிலு, இது வூடு. இன்னாத்துக்கு ரெண்டையும் ஒண்ணாக்குறே" என்றார். சாமியார் கால் கழுவும்போது அத்தை எடுத்து அனுப்பிய போட்டோவை, என் அப்பா என் பெருமை என்று நீ ஸ்டேட்டஸில் வைத்திருந்தாய். பார்த்தேன். அந்தக் கால் எதற்கு அப்படிப் பளபளத்தது என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முப்பது வருஷமாக ஜெபமாலை சொல்லிச் சொல்லி நான் வளர்த்தது இப்படி ஒரு வீட்டையா என்று தோன்றுகிறது.

சாவியோ, அப்பாவும் நானும் உன் பேரைச் சொல்லி ஒளிந்துகொண்டோம். இனி நான் ஒளிய மாட்டேன், வருகிற ஞாயிறு பூசை முடிந்து நேரே போய் அவளைக் கூட்டிவருவேன். உன் கோபத்துக்கு அஞ்சியல்ல, ஆண்டவரைப்போல நீயும் குனிந்தாய் என்று அவளிடம் சொல்ல ஆசைப்பட்டுத்தான் உன் சம்மதத்தைக் கேட்கிறேன். ஆண்டவர் உன்னைக் காப்பாராக. பிரஷர் மாத்திரையை விடாதே. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பதில் போடு.

அம்மா,
ஜானட் ஹென்றி,
இராயபுரம்.