இங்கிலாந்துக் கீபோர்டு

கரோல் பாக், டெல்லி
ஞாயிற்றுக்கிழமை

ஷார்ஜாவில் போன் ரிப்பேர் பார்க்கும் என் அக்கா மகன் மதனுக்கு, உன் தாய்மாமன் காத்தவராயன் எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் முதலிலேயே சொன்னேன், மாப்பிள்ளை. சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டரை நீ அனுப்பி, அதை உன் தங்கச்சி முத்துமாரி வீட்டுப் பழைய டிவியில் செருகியபோதே, "இது ஒரு நாள் கீபோர்டில்தான் வம்பு பண்ணும்" என்று சொல்லிவிட்டேன். சந்தேகமிருந்தால் உன் அம்மாவைக் கேள். அவளுக்கு ஞாபகம் இருக்காது, இருந்தாலும் கேள்.

போனில் சொன்னால் "சரி மாமா, கஸ்டமர் வந்துட்டாங்க" என்று வைத்துவிடுவாய். அதனால் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எல்லோரும் நலம். குளிர் இன்னும் வரவில்லை, புகை மட்டும் வந்துவிட்டது.

உன் நிபந்தனை எனக்கு மறக்கவில்லை. "தீபாவளி வரைக்கும் பாப்பேன். முத்துமாரியால தனியா அந்த மெஷினைச் சமாளிக்க முடியலன்னா, அம்மாவோட மோதி பாக் வீடுங்களுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகட்டும். செட்டிங்ஸ்ல கை வெச்சா மெஷின் எனக்குத் திரும்பி வந்துடணும்" என்றாய். உன் அப்பா போன பிறகு வீட்டுக்கு நீதான் பெரியவன். சொல்லலாம்.

டைப்பிங் வேலை என்னால்தான் கிடைத்தது. நான் கேட்டில் நிற்கும் கோச்சிங் சென்டரில் வாத்தியார்களே கணக்கில் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மாடி ஏறுவார்கள். ஏழாவதோடு நின்றவன் என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அங்கே மேனேஜர் அனிருத் சார் நம் தமிழ்ப் பிள்ளை, டெல்லியிலேயே பிறந்தவர். கேள்வித்தாள் டைப் அடிக்க என் மருமகள் இருக்கிறாள் என்றேன், கொடுத்தார். முத்துமாரி அடித்ததைப் பென்டிரைவில் போட்டு, யூனிபார்ம் பையில் வைத்து நான் கொண்டுபோவேன். பார்த்துவிட்டு, "அச்சா, தப்பே இல்லையே. இனிமே ஈமெயில்ல அனுப்பச் சொல்லுங்க காத்தவராயன், ஜல்தி வேணும். சரியா வந்தா பெர்மனன்ட் பண்ணிடலாம்" என்றார்.

அங்கேதான் வம்பு. ஈமெயில் முகவரிக்கு நடுவில் ஒரு குறி வருமே, வாலைச் சுருட்டிக்கொண்டு @ என்று, அது வரவில்லை. கீபோர்டில் 2 மேல் அச்சடித்துத்தான் இருக்கிறது. அமுக்கினால் திரையில் இரண்டு கோடு மேற்கோள் குறி விழுகிறது. அதற்கு முந்தின நாள்தான் ஆயுத பூஜை. உன் அம்மா கீபோர்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள், ஒரு பட்டன் விடாமல். பிறகு கேட்க வேண்டுமா? பழி பொட்டின் மேல் விழுந்தது. நீயும் போனில் "கீபோர்டுக்கு எவனாச்சும் பொட்டு வெப்பானா?" என்று கத்தினாய். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. காது குடையும் பஞ்சை நனைத்துப் பட்டன் சந்தெல்லாம் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஒரு பாவமும் செய்யாத பொட்டு, மாப்பிள்ளை.

பிறகு நான் உட்கார்ந்தேன். வாசல் சந்தெல்லாம் ஜனம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரன் ஸ்டூல் போட்டுக்கொண்டு பார்த்தான். ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, எதை அமுக்கினால் எது வருகிறது என்று பார்த்துக்கொண்டே வந்ததில், 3 மேல் இருக்கும் குறியை அமுக்கினால் பவுண்டு குறி வந்தது. பவுண்டு எந்த ஊர்க் காசு? இங்கிலாந்துக் காசு! மெஷின் தன்னை இங்கிலாந்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் விற்கிற கீபோர்டில் பட்டன் அடுக்கு அமெரிக்கா மாதிரி. செட்டிங்ஸைத் திறந்து, கீபோர்டு என்கிற இடத்தில் இங்கிலாந்தை எடுத்துவிட்டு அமெரிக்காவைப் போட்டேன். 2 மேல் அமுக்கினால் @ வந்து நின்றது. பஞ்சாபிக்காரன் கை தட்டினான். கேள்வித்தாள் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை மெஷினைப் போட்டால் பாஸ்வேர்டு தப்பு என்கிறது. நீ வைத்துக் கொடுத்த அதே பாஸ்வேர்டு, உன் பேரும் நடுவில் அந்த @ குறியும். எத்தனை தடவை அடித்தாலும் தப்பு. மத்தியானத்துக்குள் போக வேண்டிய கேள்வித்தாள் உள்ளே மாட்டிக்கொண்டது. அக்கா போய், முத்துமாரிக்கும் சேர்த்து ஒரு பழைய புடவையை எடுத்து வைத்தாள், பாத்திரம் தேய்க்கிற வேலைக்குக் கட்டிக்கொண்டு போக.

யோசித்துப் பார்த்தால் பிடி கிடைத்தது. நீ அங்கே உட்கார்ந்து பாஸ்வேர்டு போட்டபோதும் மெஷின் இங்கிலாந்தில்தான் இருந்திருக்கிறது. உன் விரல் அமுக்கியது @, மெஷின் எழுதிக்கொண்டது மேற்கோள் குறி. திரையில் வெறும் புள்ளிதானே தெரியும், உனக்கு எப்படித் தெரியும்? ஆக, @ இருக்கும் இடத்தில் மேற்கோள் குறியைப் போட்டதும் கதவு திறந்தது. ஊரார் போனெல்லாம் திறக்கிறவன் போட்ட பூட்டு, அவனுக்கே தெரியாமல் வேறு பூட்டாக இருந்திருக்கிறது. உன் கடைக்காரர்களிடம் சொல்லாதே, சிரிப்பார்கள்.

அனிருத் சாருக்குச் சந்தோஷம். நாளைக்கு முத்துமாரியை நேரில் வரச் சொல்லியிருக்கிறார், மாசச் சம்பளத்துக்கு. அண்ணன் சொன்னால்தான் போவேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

இதோடு முடிக்கத்தான் இருந்தேன். எழுதினதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படித்துவிட்டு நீ என்ன நினைப்பாய்? மாமன் இல்லாவிட்டால் இவளால் ஆகாது என்றுதானே?

அதனால் சொல்கிறேன். பஞ்சாபிக்காரன் ஊரிலேயே இல்லை, அது போகட்டும். கீபோர்டில் கை வைத்தது நான் இல்லை. இரண்டு நாளும் நான் கேட் டியூட்டியில் இருந்தேன். பட்டன் பட்டனாகப் பார்த்தது, அமெரிக்காவைப் போட்டது, பூட்டைத் திறந்தது எல்லாம் முத்துமாரி ஒருத்திதான். செட்டிங்ஸில் கை வைத்தது தெரிந்தால் நீ மெஷினைத் திருப்பிக் கேட்பாய் என்று பயந்து, "மாமா, நீங்க பண்ணினதா எழுதிடுங்க" என்றாள். எனக்கும் அது பிடித்திருந்தது, எழுதிவிட்டேன்.

இன்றைக்கே அவளுக்கு ஒரு போன் போடு, மாப்பிள்ளை. மெஷினைப் பற்றி எதுவும் கேட்காதே. நாளைக்கு எந்தச் சுடிதார் போட்டுக்கொண்டு போகிறாய் என்று மட்டும் கேள்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் மாமன்
காத்தவராயன்