ஐந்தாவது புத்தகத்தின் வில்லி

பதுளை
செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுக்க மாட்டேங்கிற. அதனால எழுதுறேன்.

என்னோட துப்பறியும் கதை வரிசையில ஐந்தாவது புத்தகத்துக்கு, பிள்ளைங்க சந்தேகப்படாத ஒரு திருடி தேவைப்பட்டா. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில லயத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கிற ஆயா, கன்னத்தில வெந்த தழும்பு. கடைசி அத்தியாயத்தில மாதா கோயில் வெள்ளிக் கிண்ணம் அவ பெட்டியில இருக்கும். வேலையும் உன்னுது, தழும்பும் உன்னுது. எழுதுறப்போ உன்னை நினைக்கலன்னு சொன்னா அது பொய்.

போன வாரம் தெமோதரைப் பள்ளிக்கூடத்தில உன் மகள் ஜெசீகா வகுப்பில அதை வாசிச்சேன். "ஜெசீகாவோட அம்மா மாதிரியே இருக்கு!"ன்னு ஒரு பிள்ளை கத்துனா. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. ஜெசீகா தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

நான் "எல்லாம் கற்பனைதான்"னு சொல்லிச் சிரிச்சேன். சிரிச்சேன், அக்கா.

நேத்து அந்த வகுப்புக்குத் திரும்பவும் போனேன். சின்ன வயசுல கொதிக்கிற கேத்தலைத் தட்டிவிட்டது நான்தான்னும், என்னைத் தள்ளிவிட்டுட்டு அந்தச் சுடுதண்ணியை நீ வாங்கிக்கிட்டன்னும் எல்லாருக்கும் சொன்னேன். அந்தப் புத்தகத்தை இனி அச்சடிக்க வேணாம்னு பதிப்பகத்துக்கும் எழுதிட்டேன்.

வெளிய வந்தப்போ ஜெசீகா பின்னாலேயே ஓடி வந்தா.

"சித்தி, கேத்தலை அவங்களே தட்டிவிட்டதாத்தானே அம்மா எங்ககிட்ட சொல்லியிருக்காங்க?"

இத்தனை வருஷமா நீ அப்படித்தான் சொல்லிட்டு இருந்தியா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சதும் வரேன். நீ கதவைத் திறக்காட்டியும் வாசல்ல நிப்பேன்.

உன் தங்கச்சி