டேப்பை இறுக்கிப் பிடித்த கை

என்னங்க,

நீங்கள் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். தனியாகவே போய்க்கொள்கிறேன். கோபம்தான்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. கீழ்ப் பூட்டைத் திருக இரண்டு கையும் வேண்டும், அதனால் மேல் பூட்டு மட்டும் போட்டிருக்கிறேன். டீச்சரம்மா வந்தால் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கையோடு இனி தைக்க முடியாது.

மார்பு ஆபரேஷனுக்குப் பிறகு கையில் வந்த வீக்கம் லேசரில் வடிகிறது என்று இரண்டு மாதமாக ஊரெல்லாம் சொன்னோம். அதுவரை நாம் அளவு எழுதிக் கொண்டுபோன நோட்டையே நம்பிய லேசர் கொடுக்கிற பெண், நேற்று தானே டேப்பை எடுத்து அளந்தாள். "என்னம்மா, நோட்டுல குறையுது, கையில ஏறிக்கிட்டே போகுது?" என்றாள்.

தினமும் அளந்தது நீங்கள். இறுக்கி இழுத்து அளந்திருக்கிறீர்கள். கேட்டால், "குறைஞ்சிருக்குன்னா உன் முகம் மலருமே, அதான்" என்று தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க இன்று ஸ்கேன். போன மாதமே எடுத்திருக்க வேண்டியதாம்.

பி.கு: வீக்கத்துக்குப் போடுகிற இறுக்கக் கையுறையைக் கழுவியிருக்கிறேன், நாற்காலியில் காய்கிறது. வெயிலில் போடாதீர்கள்.

இன்னொன்று. நேற்று அவ்வளவு கத்தினேன், இதை மட்டும் சொல்லவில்லை. டேப்பை எடுத்ததும் வீங்கின கையில் அதன் தடம் பதிந்திருக்கும். இருபது வருஷம் அளவெடுத்தவளுக்கு அது தெரியாதா? முதல் வாரமே தெரியும். தெரிந்தேதான் நீங்கள் சொன்ன அளவை நோட்டில் எழுதினேன்.

நாலு மணிக்கு ரிசல்ட். வந்துவிடுங்கள்.