பானு டீச்சருக்கு ஒரு பெட்டி எழுத்து

விருத்தாசலம்
7.7.2025

பானுவுக்கு,

போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தையாவது பிரித்துப் படி, தாயே. இங்கே நான் சௌக்கியம். என்ன சௌக்கியம், சோறும் ஊறுகாயும்தான்.

அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தியில் நீ ஸ்கூலில் பாடும் எழுத்துப் பாட்டைப் பாடிக்காட்டினேன். "ஸ்ஸ்னு பாம்பாட்டம் சீறுறதுக்கு இவளுக்குக் கவர்மெண்டுல சம்பளம் குடுக்குறாங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ இலையில் பாதிச் சோறு இருக்க எழுந்து, அப்படியே நல்லூருக்கு, உன் அப்பா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாய். ஸ்கூலும் அங்கேயே இருப்பது உனக்கு வசதியாகப் போயிற்று. விளையாட்டுக்குச் சொன்னதற்கு இவ்வளவு கோபமா? வந்துவிடு.

கோதண்டபாணி

நல்லூர்
10.7.2025

என்னங்க,

விளையாட்டா? என் வேலையை ஊரைக் கூட்டி வைத்துக் கேலி செய்தீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏ, பி, சி என்று கடகடவென ஒப்பிக்கும். 'பஸ்' என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டினால் திருதிருவென்று முழிக்கும். எந்த எழுத்துக்கு என்ன சத்தம் என்று பிடிபட்டால்தான் தானாகக் கூட்டிப் படிக்கும். அதற்காகத்தான் சீறுகிறேன், குதிக்கிறேன். சாயங்காலம் தொண்டையே போய்விடுகிறது.

துர்கா என்று ஒரு பிள்ளை. பள்ளி திறந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. தூக்கம் கெடுவது அவளால்தான், உங்களால் இல்லை.

என் வேலைக்கு மரியாதை இல்லாத வீட்டுக்கு நான் வரமாட்டேன். ஊறுகாயைக் குறையுங்கள், வயிறு புண்ணாகிவிடும்.

பானுமதி

விருத்தாசலம்
21.7.2025

அன்புள்ள பானு,

நான் செய்தது கேவலம். உன் கடிதத்தைப் படித்து வெட்கப்பட்டேன். அந்தப் பந்தியில் சிரித்த ஒருத்தராவது உன் வகுப்பில் ஒரு நாள் தாங்குவாரா? நானே தாங்கமாட்டேன்.

பீங்கான் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி முதலாளியிடம் கேட்டு, நானே அச்சு வெட்டி, பீங்கான் வில்லைகள் செய்து சூளையில் சுட்டேன். வில்லைக்கு ஒரு இங்கிலீஷ் எழுத்து, மேடாக இருக்கும். பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கட்டும். என்னோடு வேலை செய்யும் சாமிதுரை நல்லூர் வருகிறான், பெட்டியை அவனிடம் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பிடித்ததா என்று மட்டும் எழுது.

பாணி

நல்லூர்
24.7.2025

என்னங்க,

பெட்டி வந்தது. வகுப்பில் பரப்பி வைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "டீச்சர், பாம்பு அந்தாண்ட திரும்பிக்கிச்சு!"

யார் தெரியுமா? துர்கா! எஸ் எழுத்துக்கு நான் கரும்பலகையில் பாம்பு வரைவேன். உங்கள் பாம்பு எதிர்ப்பக்கம் பார்க்கிறது.

அட கடவுளே! அத்தனை எழுத்தும் இடம் வலம் மாறியிருக்கிறது. சின்ன எழுத்து பி எல்லாம் டி, டி எல்லாம் பி. அச்சில் நேராக வெட்டினால் வில்லையில் திரும்பித்தானே விழும்? வருஷக்கணக்கில் பீங்கான் ஃபியூஸ் கட்டைக்கு அச்சு வெட்டுகிறவருக்கு இதுகூடவா தோன்றவில்லை? அந்தக் கட்டையை எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான், எழுத்து அப்படியா? சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவ்வளவுதான், பிள்ளைகள் ஒவ்வொரு வில்லையாகத் தூக்கித் தப்புக் கண்டுபிடித்தார்கள். துர்கா மதியம் வரை வாயை மூடவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உங்கள் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"இத செஞ்சவங்க வந்து தோப்புக்கரணம் போடணும்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். வரும் புதன்கிழமை வாருங்கள். போட்டுவிட்டு, பிள்ளைகளோடு நின்று என் பாட்டைக் கேலியில்லாமல் முழுசாகப் பாட வேண்டும். துர்கா லேசில் விடமாட்டாள்.

நாலு மணிக்குப் பள்ளி விடும். என் துணிப்பை இரண்டையும் காலையிலேயே பள்ளிக்குக் கொண்டுவந்துவிடுவேன். பஸ் ஸ்டாண்டு வரை நீங்கள்தான் தூக்கி வர வேண்டும்.

உங்கள்
பானு